அப்பா வீட்டுப் பலிபீடம்

வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழும்பும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே மாதிரி முடிக்கிறார்கள். "எனக்குள்ள இருக்கிற பயம் போகணும், ஜெபம் பண்ணிக்கோங்க. அது போனதும் ஆண்டவருக்காக ஏதாவது செய்யணும்." ஜெபிப்போம், அதில் தப்பில்லை. ஆனால் முதலில் பயம் போகும், அப்புறம் காரியம் நடக்கும் என்ற இந்த வரிசை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? வேதத்தில் எனக்கு அகப்படவில்லை.

நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தை எடுங்கள். கோதுமையைத் திறந்த களத்தில் போட்டு அடித்துக் காற்றில் தூற்றுவதுதான் வழக்கம். கிதியோனோ மீதியானியர் கண்ணில் படாமல் திராட்சை ஆலைப் பக்கம் பதுங்கிப் போரடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கோலத்தில் இருந்தவனைத்தான் தூதன் வந்து பராக்கிரமசாலி என்று கூப்பிட்டான். வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அவனுக்குக் கிடைத்த முதல் வேலை போருக்குப் போவதல்ல. சொந்த அப்பா யோவாஸின் பாகால் பலிபீடத்தை இடிக்க வேண்டும். வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய் இடித்தான். வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யவில்லை என்று வேதமே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஏன் இருட்டில் செய்தாய் என்று ஆண்டவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்ததும் ஊர் திரண்டு அவனைக் கொல்ல வந்து நின்றது. அப்போது மகனுக்காகப் பேசியவர் யார் தெரியுமா? அந்த அப்பாவேதான். பாகால் சாமியாக இருந்தால் தன் வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஊர்வாயை அடைத்துவிட்டார்.

நடுக்கம் நிற்கக் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். மடங்கிப்போன தொழுநோயாளிகளின் விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய முன்னோடி. அந்த நோயோடு அத்தனை பழகியவர், ஒரு பயணத்தில் லண்டனில் இரவு செருப்பைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டார். ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நோய் தனக்கும் வந்துவிட்டது, மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டியதுதான் என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீர் என்று வலித்தது. ரயிலில் வெகுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு இரவின் பயத்தை அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் அதே நோயாளிகளிடம்தான் திரும்பினார்.

பயத்தை நான் அவ்வளவு பெரிய எதிரியாக நினைப்பதில்லை. அது வந்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வந்திருக்கிறது என்று தெரியும். சௌகரியம் அப்படி இல்லை. அது நல்ல புத்திமதி போலவே பேசும், அதுவும் நம்மேல் பிரியம் உள்ளவர்களின் வாயால். அதனால்தான் பால் பிராண்டின் அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். கணவர் ஜெஸ்ஸியோடு கொல்லிமலையில் குடியேறினார். காய்ச்சலும் மலைப்பாதையும் சேர்ந்து விரட்டிய காலம் அது. ஐந்து மலைத்தொடர்களுக்கும் சுவிசேஷம் போக வேண்டும் என்று இருவரும் பொருத்தனை செய்திருந்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போன ஈவ்லின் திரும்பி வந்தார். மிஷன் அவருக்குச் சமவெளியில் வேலை கொடுத்தது, அதையும் செய்தார்.

எழுபது நெருங்கியபோது, வயதாகிவிட்டது, இனிமேல் பணி நீட்டிப்பு கிடையாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு காரணமாவது தவறா என்று பார்த்தால், இல்லை. வயது உண்மை, பாதை கரடு என்பது உண்மை, மலைக்காய்ச்சல் உண்மை. இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினார். அந்த வருஷம் முடிந்து வழியனுப்பு விழாவில் எல்லாரும் வாழ்த்திப் பேசிய பிறகு, மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு ஏறிவிட்டார்!

மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்தபின் இரண்டு மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். மலையில் பலரை முடக்கியது நரம்புச் சிலந்தி நோய். குடிக்கும் தண்ணீருக்குள் கால் வைத்து இறங்குவதால் பரவுவது அது. கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லி ஊர் ஊராக மன்றாடினார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974இல் இறந்தபோது வயது தொண்ணூற்றைந்து. ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு கால் நூற்றாண்டு வேலை!

இதைப் படித்துவிட்டு எல்லாரும் மலைக்குப் பையைத் தூக்க வேண்டாம். போகிறவர்கள் போகட்டும், அவர்களுக்காகக் காணிக்கை கொடுங்கள். ஆனால் தூர தேசத்து ஊழியத்தைப் பற்றிக் கண்ணீரோடு பாடிவிட்டு, சொந்த வீட்டுப் பலிபீடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற கெட்டிக்காரத்தனம் நம் சபைகளில் நிறைய உண்டு. அந்தப் பலிபீடத்தின் பெயர் சாதி. வேறு எதையோ சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களா?

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியைப் பிடித்துக்கொண்டு சபையை விட்டு வெளியேறினார்கள். பழைய கதை என்று தள்ளாதீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த சுவர் நம் காலத்துச் செய்தி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறோம். கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போய் மகளுக்கு வரன் பார்க்கும்போது, "விசுவாசமுள்ள குடும்பம்" என்று முதல் வரியிலும் சாதிப் பெயரை இரண்டாம் வரியிலும் எழுதுகிறோம்.

"ஐயா, நாங்க சாதி பார்க்கிறதில்லை, அப்பா அம்மாதான்" என்பீர்கள். அப்பா வீட்டில் இருப்பதைத்தான் கிதியோனும் இடிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பார் என்று நீங்கள் நினைக்கிற அப்பா கடைசியில் எந்தப் பக்கம் நிற்பார் என்பது, நீங்கள் கை வைக்கும்வரை அவருக்கே தெரியாது. ஒன்று மட்டும் கவனம். உயிருக்கு ஆபத்து வருகிற வீடுகளும் ஊர்களும் இருக்கின்றன. அங்கே வீம்புக்குத் தனியாக நிற்காதீர்கள். நியாயம் தெரிந்த மூப்பர், வழக்கறிஞர், பயப்படாத சிநேகிதர் என்று ஆள் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள். கிதியோன் பத்துப் பேரோடு போனதை விசுவாசக் குறைவு என்று நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

கலியாணம்வரை பொறுக்கவும் வேண்டாம். சபையில் வருஷக்கணக்காக ஸ்தோத்திரம் சொல்லிக் கைகொடுத்தும் இன்றுவரை வாசல்படி மிதிக்காத வீடு ஒன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கும். அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள், எல்லாருக்கும் வைக்கிற அதே தட்டையும் தம்ளரையும் வையுங்கள். அம்மா அடுக்களையில் முனகுவார்கள், முனகட்டும். சபைக் கமிட்டித் தேர்தலில் சாதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிற மாமாவிடம், முடியாது மாமா என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வரன் பார்க்கும் படிவம் உங்கள் கைக்கு வரும்போது சாதி என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். வீட்டில் காரணம் கேட்பார்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, ஞானஸ்நானம் எடுத்ததைக் காரணமாகச் சொல்லுங்கள்.