தெமோதரையும் பிள்ளையின் பத்திரங்களும்



இலங்கையின் மலைநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்ல என்னும் ஊரில் தங்கிவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்கிருந்து பதுளைப் பக்கமாகச் சிறிது தூரம் இறங்கினால் தெமோதரை. இரண்டுக்கும் இடையில், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் கல்லும் செங்கல்லுமாக நிற்கிறது. தெமோதரையில் அதைவிட வியப்பான ஒன்று உண்டு. நிலையத்தைத் தாண்டும் தண்டவாளம், மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளையை நோக்கிச் செல்கிறது. நேராக இறங்க முடியாத சரிவைச் சுற்றி இறங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இந்தப் பாதை 1924இல் பதுளையை எட்டியது.

நிலையத்தைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இந்த ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' என்பது. இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்டச் சொன்னது அது. லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவரிடம் என்ன பத்திரம் இருக்கும்? 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பாக்கி நின்ற கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு கடதாசி இல்லாமற் போனதற்கு இம்மக்கள் கொடுத்த விலை ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இன்று நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கோடைக்கால வகுப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆறு வாரம், எட்டு வாரம் என்பதால் எளிதாகப் போய் வரலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் விசா கேட்கும் இடத்தில் வகுப்பின் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடமானால், சில வாரங்களே ஆனாலும் சுற்றுலா விசா செல்லாது. மாணவர் விசா வேண்டும். முதலில் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கிச் சான்றைப் பார்த்து, 'ஐ-20' என்ற படிவத்தை அனுப்பும். பிறகு 'செவிஸ்' கட்டணம். 2019 முதல் இது 350 டாலர். விசாக் கட்டணம் தனி. அதன்பின் விண்ணப்பப் படிவம், தூதரகத்தில் நேர்முகம். வகுப்பு முடிந்ததும் பிள்ளை ஊர் திரும்பும் என்று அதிகாரி நம்ப வேண்டும். இங்கே படிக்கும் கல்லூரியின் கடிதம் அதற்குத் துணை நிற்கும். பிரிட்டனில் வழி சற்று எளிது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரையிலான படிப்புக்கு வருகையாளர் விசாவே போதும்.

இத்தனைக்கும் அடித்தளம் பிறப்பத்தாட்சிப் பத்திரம். நம் வீடுகளில் தடுக்கி விழுவது இங்கேதான். பத்திரத்தில் 'பாத்துமா', பள்ளிக்கூடத்தில் 'ஃபாத்திமா', அடையாள அட்டையில் வாப்பாவின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால்! தமிழில் ஒன்றாக ஒலிக்கும் 'முஹம்மது', ஆங்கில எழுத்தில் நாலு விதமாகிவிடும். நம் கண்ணுக்கு ஒரே பிள்ளை. அதிகாரியின் கண்ணுக்கு மூன்று பேர். பிரதேச செயலகத்தில் திருத்தம் கேட்டு அலைய மாதங்கள் ஆகும். வகுப்போ ஜூன் மாதத்தில் தொடங்கிவிடும்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதிப்படுத்திய பிரதிகளை வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். இதே பதுளை மாவட்டத்தில், 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் சரிந்த மலை, லயன் வீடுகளை அப்படியே மூடியது. மண் இறங்கும்போது பெட்டியைத் தேட நேரம் இருக்காது.

இன்னொன்று. கணக்கில் காட்டுவதற்காக நாலு நாளுக்குப் பணம் புரட்டிப் போடச் சொல்லும் தரகர்கள் உண்டு. அது பொய்ச்சாட்சியின் வாசல். கல்வி தேடும் பயணத்தைப் பொய்யில் தொடங்கினால் பரக்கத் எங்கிருந்து வரும்? பிடிபட்டால் பிற்கால விசாக்களும் அடைபடும். பெண் பிள்ளையை அனுப்புவதானால், மஹ்ரம் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பத்திரம் பார்ப்பது ஆண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களைப் பதினாறு வயதில் ஹஜ்ஜுக்கு அழைத்துச் சென்றவர் அவர்களுடைய தாயார்தாம். தாயும் தமையனும் ஊர் திரும்ப, அவர்கள் கல்விக்காக மக்காவிலேயே தங்கினார்கள். எழுதி வைப்பதன் அருமையையும் நம் மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282, கடனை எழுதி வைத்துச் சாட்சி அமைப்பது பற்றியே பேசுகிறது.

நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்த அந்தத் தாய்மார்களின் பேத்திகள் இன்று கடவுச்சீட்டு கேட்கும் உரிமை பெற்றிருக்கிறார்கள். அவர்கள் கேட்டும் கிடைக்காத அந்தக் கடதாசி உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதில் உங்கள் மகளின் பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.