பாலைவனத்திலே ஓர் ஏரி

“அம்மா, பாலைவனத்தில் ஓர் ஏரி இருக்கிறது. ஒரு நாள் எல்லாரும் போய்க் குளித்துவிட்டு வரலாம்” என்று எங்கள் பெண் லாஸ் வேகாஸிலிருந்து டெலிபோனில் சொன்னபோது, பாவம், அந்த ஊர் வெயில் அவள் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தேன். பாலைவனத்து ஏரி என்றால் கானல் நீர்தானே! நேரில் போய்ப் பார்த்த பிறகுதான், கானல் நீர் இல்லை, அசல் நீர், அதுவும் ஆளையே விழுங்கக் கூடிய நீர் என்று தெரிந்துகொண்டேன்.

உங்களில் பல பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். நீங்கள் போனால் லாஸ் வேகாஸ் விளக்கு அலங்காரத்தைக் காட்டாமல் விடமாட்டார்கள். அப்போது, “எனக்கு விளக்குப் பார்த்தது போதும், மீட் ஏரிக்கு ஒரு நாள் ஒதுக்கு” என்று கண்டிப்பாகக் கேளுங்கள். எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று சொல்ல எனக்கு முழு யோக்கியதை உண்டு. ஏனென்றால் முதல் தடவை நாங்கள் எல்லாவற்றையும் தப்பாகவே செய்தோம்.

லாஸ் வேகாஸிலிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு பக்கமும் புல் பூண்டு இல்லாத செம்மண் மலை. ஒரு திருப்பம் திரும்பியதும், அடேயப்பா! கீழே நீலப் பட்டுப் புடவையைப் பிரித்துப் போட்டதுபோல் ஏரி. மழையால் வந்த ஏரி அல்ல அது. ராக்கி மலைகளில் உருகும் பனி கொலராடோ நதியாகி, கிராண்ட் கான்யன் என்ற மகா பள்ளத்தாக்கைக் கடந்து வருகிறது. அதை நெவாடா, அரிசோனா என்ற இரண்டு ராஜ்யங்களின் எல்லையில் ஹூவர் அணை மறித்து நிற்கிறது. 1931-ல் வேலை ஆரம்பித்து 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்தார். உயரம் 726 அடி. நீர்ப்பாசன இலாகாவின் தலைவராயிருந்த எல்வுட் மீட் என்பவர் பெயரை ஏரிக்கு வைத்தார்கள். ஏரியையும், அதற்குக் கீழே டேவிஸ் அணையால் உண்டான மொஹாவே ஏரியையும், சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்து 15 லட்சம் ஏக்கர், ஜனங்கள் வந்து பொழுது போக்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு ஏற்படுத்திய முதல் தேசியப் பொழுதுபோக்குப் பிரதேசம் இதுதான்.

(அணையின் பெயரும் ஒரு கதை. 1930-ல் ஹூவர் அணை என்றார்கள். ஆட்சி மாறியதும் போல்டர் அணை ஆயிற்று. 1947-ல் மறுபடியும் ஹூவர் அணை! பெயர்ப் பலகை எழுதுகிறவருக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.)

இப்போது எங்கள் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். நாங்கள் முதலில் போனது ஜூன் மாதம். பேரனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அதனால் ஜூன்! வீட்டில் டிபன் முடித்து, பேசிக்கொண்டே கிளம்பி, ஏரிக்கரையில் இறங்கும்போது மணி பதினொன்று. கோடையில் அங்கே உஷ்ணம் 110 டிகிரியைத் தாண்டுவது சகஜம். சென்னை வெயிலைக் கண்டவர்களுக்கு இது என்ன பிரமாதம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் இறுமாந்திருந்தேன். நம் ஊர் வெயிலில் வியர்வை ஒழுகும். “அம்மாடி, தண்ணீர் கொடு” என்று கேட்போம். அங்கே காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாமல், தலை சுற்றும்போதுதான் தெரியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அங்கே கணக்கு. நாங்கள் ஐந்து பேருக்கு ஆறு சின்னப் பாட்டில்கள் கொண்டுபோயிருந்தோம். ஆனால் முறுக்கு மட்டும் ஒரு டின் நிறைய!

பேரனுக்கு ஏழு வயது. அவன் மிதப்பதற்கென்று காற்றடைத்த மஞ்சள் வாத்து ஒன்று வாங்கியிருந்தார் மாப்பிள்ளை. கரையோரத்தில் அதன்மேல் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன், முறுக்குக் கேட்டு என்னிடம் ஓடிவந்தான். அந்த நிமிஷம் மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வீசியது பாருங்கள்! கண்ணாடிபோல் இருந்த ஏரி சுருட்டிக்கொண்டு அலையாயிற்று. வாத்து, கயிறு அறுந்த காற்றாடிபோல் நடு ஏரியை நோக்கிப் போயிற்று. குழந்தை “என் வாத்து!” என்று அலறினான்.

என் வீட்டுக்காரர் சேலம் ஜில்லாக்காரர். மேட்டூருக்குக் கீழே காவிரியில் நீந்தி வளர்ந்தவர் என்பதை எங்கள் கல்யாணமான நாள் முதல் கேட்டு வருகிறேன். “அழாதேடா, தாத்தா கொண்டு வருகிறேன்” என்று சட்டையைக் கழற்றினார். “வேண்டாம் அப்பா, வேண்டாம்!” என்று பெண் கத்தினாள். நான், “கேட்டீர்களா? அறுபத்தெட்டு வயதில் என்ன இது?” என்றேன். அவர் கேட்கவில்லை.

முதல் ஐம்பது கஜம் அழகாகத்தான் நீந்தினார். வாத்து அதைவிட வேகமாகப் போயிற்று. ஆற்றிலே நீரோட்டம் தெரியும். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடம்பு அறியும். அங்கே மேலே காற்று தள்ளுகிறது, அலை எதிரும் புதிருமாக முகத்தில் அடிக்கிறது. அவர் திரும்ப முயன்றார். கை ஓங்குகிறது, ஆள் நகரவில்லை. அந்தக் கரையில் உயிர் காக்கும் காவலர் யாரும் கிடையாது என்பதை நான் அப்போதுதான் பலகையில் படித்தேன். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு விசைப் படகில் வந்த குடும்பம் பார்த்துவிட்டு, கயிறு கட்டிய மிதவையை வீசி அவரை இழுத்துப் போட்டுக்கொண்டது. கரையில் இறங்கியவர் பேசவே இல்லை. அந்தப் படகுக்கார அம்மாள் அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, என்னைப் பார்த்து, “வாத்தைக் காற்றுக்கே விட்டுவிடுங்கள்” என்று மட்டும் சொன்னாள்.

ஆகையால், நீங்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்த ஏரியில் காற்று, சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி. காற்றடைத்த வாத்து, மெத்தை, வளையம் இவையெல்லாம் வீட்டுத் தொட்டிக்குத்தான் சரி. நீச்சல் தெரிந்தவரானாலும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டே இறங்கட்டும். ஓடுகிற படகில் 12 வயது வரையுள்ள குழந்தைகள் அதைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று விதியே இருக்கிறது. கரையில் மெரீனாவைப்போல் மணல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சரளைக் கல். காலில் செருப்பில்லாமல் நடந்தால் பொரித்தெடுத்துவிடும்.

இரண்டாம் தடவை நவம்பரில் போனோம். இந்தத் தடவை பொழுது விடிய ஆறு மணிக்கே கிளம்பினோம். பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீர், தயிர் சாதம், எலுமிச்சம்பழம், தனியாகப் புளியோதரை. வண்டிக்கு வாங்குகிற அனுமதிச் சீட்டு ஏழு நாள் செல்லும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பறக்க வேண்டாம். பல இடங்களில் டெலிபோன் வேலை செய்யாது. வழிப் படத்தை முன்னாலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகு இறக்கும் துறைகளில் எவை திறந்திருக்கின்றன என்றும் அன்றன்று விசாரித்துக்கொள்வது நல்லது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஏரியைச் சுற்றி மலையின் இடுப்பிலே வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை ஓடுவதைப் பார்ப்பீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு நீரைக் காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பு படிகிறதல்லவா, அதே சமாசாரம். முன்னே தண்ணீர் அவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அடையாளம். 1983-ல் ஏரி நிரம்பி வழிந்தது. 2000-க்குப் பிறகு வறட்சி. 2022 ஜூலையில், நிறைந்த மட்டத்துக்குச் சுமார் 190 அடி கீழே போயிற்று. முதல் தடவையாக நிரம்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பிறகு அவ்வளவு இறங்கியதே இல்லை. அடுத்த வருஷம் நல்ல பனி பெய்து கொஞ்சம் ஏறியது. ஆனால் பட்டை பட்டையாகவே இருக்கிறது. 1922-ல் ஏழு ராஜ்யங்கள் உட்கார்ந்து நதியைப் பங்கு போட்டபோது, அதற்கு முந்திய நல்ல மழை வருஷங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். போனஸ் வந்த மாதத்தை வைத்துக் குடும்ப பட்ஜெட் போட்ட கதை!

தண்ணீர் வற்றியதில் துப்பறியும் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் வேலை வந்தது. 2022 மே மாதம் சேற்றிலிருந்து ஒரு பீப்பாய் வெளிப்பட்டது. உள்ளே மனித எலும்புகள். எழுபதுகளின் நடுவிலோ எண்பதுகளின் ஆரம்பத்திலோ நடந்த கொலை என்று, போட்டிருந்த உடையையும் பூட்ஸையும் கொண்டு போலீஸார் கணித்தார்கள். குழந்தைகளிடம் இதைச் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டு இரவெல்லாம் விளக்கை அணைக்க முடியாமல் திண்டாடினேன்.

அணையை அவசியம் பாருங்கள். இரண்டு கோபுரங்களில் இரண்டு கடிகாரங்கள்: ஒன்று நெவாடா நேரம், ஒன்று அரிசோனா நேரம். கோடையில் இரண்டும் ஒன்றுதான். குளிர்காலத்தில் நாலு அடி எடுத்து வைத்தால் ஒரு மணி நேரம் கூடிவிடும். அணையின் கான்கிரீட்டுக்குள் தொழிலாளர் பலர் புதைந்து கிடக்கிறார்கள் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். வேலையில் 96 பேர் இறந்தது உண்மை. அணைக்குள் ஒருவரும் இல்லை. கான்கிரீட்டைச் சின்னச் சின்னப் பாளங்களாகத்தான் ஊற்றினார்கள். அது இறுகும்போது சூடு கிளம்பும். அண்டா நிறைய வடித்த சாதம் நடுவில் ஆறாமல் கிடப்பதுபோல், அந்தப் பிரம்மாண்டம் தானாக ஆற நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்குமாம். அதனால் உள்ளே 580 மைலுக்கு மேல் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள்.

நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கு ஒரு பழைய ரயில் பாதை இருக்கிறது. அணைக்குச் சாமான் கொண்டுபோகப் போட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், மலையைக் குடைந்த ஐந்து சுரங்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஏற்ற இறக்கம் அதிகமில்லை. புடவையோடு நான் மூன்று சுரங்கம் வரை நடந்தேன். வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகும் கணவாய்ப் பாதைகளும் உண்டு. அவற்றை மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மூடிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் போனாலும் அந்த ஊற்றில் தலையை முழுக்கக் கூடாது. மூக்கு வழியே மூளைக்கு ஏறும் பொல்லாத கிருமி ஒன்று அந்த நீரில் இருக்கலாம்.

வடக்குக் கோடியில் செயின்ட் தாமஸ் என்ற கிராமத்தின் மிச்சம் இருக்கிறது. 1865-ல் மார்மன் மதத்தினர் குடியேறிய ஊர். ஏரி ஏற ஏற ஒவ்வொருவராகப் போனார்கள். கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறு ஊருக்கு மாற்றினார்கள். கடைசியாக இருந்தவர் 1938 ஜூன் மாதம், வாசலுக்கே தண்ணீர் வந்த பிறகு படகில் ஏறிப் போனாராம். இப்போது நீர் விலகி அஸ்திவாரங்களும் வாசற்படிகளும் வெளியே தெரிகின்றன. வீடில்லாத படியின்மேல் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். “மேட்டூரிலும் தண்ணீர் வற்றினால் கோயில் நந்தி தலை காட்டும். அங்கே எங்கள் பாட்டி வீட்டு வாசற்படியும் எங்கேயோ இப்படித்தான் இருக்கும்” என்றார். அன்று அவர் வாயிலிருந்து காவிரி நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

திரும்பும் வழியில் போல்டர் நகரத்தில் நிறுத்துங்கள். அணைக் கூலிகளுக்காகக் கட்டிய ஊர். லாஸ் வேகாஸுக்கு இத்தனை அருகில் இருந்தும் சூதாட்டம் இன்றுவரை அங்கே தடை! அந்த ஊர்ப் பூங்காவில் சுருண்ட கொம்புள்ள காட்டுச் செம்மறிகள் மலையிலிருந்து இறங்கி வந்து புல் மேயும். கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டு மிச்சமிருக்கும் புளியோதரையைச் சாப்பிடலாம்.

வருகிற பிப்ரவரியில் அணைக்குக் கீழே வில்லோ பீச் என்ற இடத்தில் சின்னத் தோணியில் போவதாகத் திட்டம். அங்கே நீர் ஏரியின் அடியிலிருந்து வருவதால் வருஷம் முழுதும் ஐஸ் மாதிரி இருக்குமாம். இவருக்கு மிதவைச் சட்டை வாங்க மார்பளவு கேட்டிருக்கிறார் மாப்பிள்ளை. நாற்பது அங்குலம் என்கிறார் இவர். எங்கள் தையற்காரர் நோட்டில் நாற்பத்திரண்டு இருக்கிறது. நான் நாற்பத்திரண்டு என்றே சொல்லி அனுப்பிவிட்டேன்.