மூன்றாவது வயர்

போன கிழமை கடை பூட்டி வீட்டுக்கு வர இரவு ஒன்றரை. மகன் நித்திரை கொள்ளவில்லை. மடியில் அம்பிளிபயரின் பிளக், கையில் ஸ்குரூ டிரைவர்.

"என்னடா செய்யிறாய்?"

"ஏர்த் வயரைக் கழட்டினா இரைச்சல் நிக்குமாம் அப்பா. ஃபிரண்ட் சொன்னவன்."

நிற்கும்தான். அதுதான் எனக்குப் பயம்.

ரெக்கோர்ட் பண்ணவென்று அம்பிளிபயரிலிருந்து கம்பியூட்டருக்கும் ஒரு வயர் இழுத்திருந்தான். இரண்டும் அறையின் இரண்டு மூலையில், வேறு வேறு சொக்கெட்டில். இரண்டு பக்கத்தாலும் ஏர்த் போனால் அது ஒரு வளையம். அதற்குள்ளே 50 ஹேர்ட்ஸ் புகுந்து "ம்ம்ம்" என்று இரையும். ஒரு ஏர்த்தை வெட்டினால் வளையம் அறும், இரைச்சலும் போகும். ஆனால் கிற்றாரின் கம்பிகள் அம்பிளிபயரின் தகரத்தோடு தொடுத்தவை. உள்ளே லைவ் வயர் கழன்று தகரத்தில் முட்டினால், ஏர்த் இருந்தால் பியூஸ் எரியும். இல்லாவிட்டால் கரண்ட் பிள்ளையின் விரலில் நிற்கும். 1972 இல் சுவான்சியில் மேடையில் நின்ற லெஸ் ஹார்வி என்ற கிற்றார்காரர் மைக்கைத் தொட்டு இறந்தது ஏர்த் சரியில்லாததால்தான்.

நான் பௌதிகத்தை இரண்டாம் வருடத்தோடு, 2006 இல் விட்டவன். இதைப் படித்தது கம்பசில் இல்லை. இங்கு முதல் வேலை செய்த கடையில் மா குழைக்கிற மெசினைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். சொன்னால் முதலாளி, "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு தம்பி" என்பார். (ஆள் பகிடியாகச் சொல்லவில்லை!)

பச்சை மஞ்சள் வயரை நானே திரும்பப் பூட்டினேன். அம்பிளிபயரையும் கம்பியூட்டரையும் ஒரே மல்ரி சொக்கெட்டில் குத்தினோம். முக்கால்வாசி இரைச்சல் போய்விட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற லைற்றை நிற்பாட்ட இன்னும் கொஞ்சம். மிச்சம் கிற்றாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் பிடிக்கிறது. அம்பிளிபயருக்குப் பக்கவாட்டில் திரும்பி இருந்தால் குறையும். செப்புத் தகடு ஒட்டலாம் என்கிறான் மகன். அது கரகரப்புக்கு உதவும், இந்தக் காந்த இரைச்சலுக்கு உதவாது. 1955 இல் கிப்சன் கொம்பனியின் செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிக்கப்தான் அதற்கு மருந்து. இரண்டு சுருள், கம்பியின் ஒலி சேர்ந்து வரும், இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். விலையைப் பார்த்தேன், சம்பளம் வரட்டும்.

சனிக்கிழமை அந்த ஃபிரண்ட் வீட்டுக்கு வருகிறானாம். அவனுடைய பிளக்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.