நான் கேட்காமல் விட்டது

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் டாக்டர் நான். "காது எப்படி இருக்கு?" என்ற ஒரு கேள்வியைப் பல வருடங்களாக நோயாளிகளிடம் கேட்காமலே காலம் தள்ளினேன். விஷயம் தெரியாமல் விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. எனக்கு நன்றாகவே தெரியும்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாக 66 முதல் 70 கிரே அளவு கதிர் கொடுக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள், கிட்டத்தட்ட ஏழு வாரம். 'கரண்ட் வைக்கிறது' என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். கட்டி மூக்குக்குப் பின்னாலோ, காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலோ இருந்தால், உள்காதில் இருக்கும் காக்ளியா கதிரின் வழியில் மாட்டிக்கொள்ளும். பட்டாணி அளவுதான் அது. சராசரியாக 45 கிரேயைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 35க்குள் நிறுத்த வேண்டும் என்று ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் பாதிப்பு அதிகம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பிளானுக்கு ஒப்புதல் கொடுக்க உட்காரும்போது என் கண் போகும் இடங்கள் வேறு. தண்டுவடம், மூளைத்தண்டு, பார்வை நரம்பு. அவற்றில் ஒன்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பட்டியலின் அடியில் இடது காக்ளியா சிவப்பு எழுத்தில் நிற்கும். பார்த்தும் பார்க்காததுபோல ஓகே போட்டுவிடுவேன். பல சமயம் அதற்கு நியாயமும் உண்டு. கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போது காதைக் காப்பாற்றப் போய்க் கட்டியை விட முடியாது. அப்படியானால் நோயாளியைக் கூப்பிட்டு, "இந்தக் காது போகலாம், தயாராக இருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் 'செவித்திறன் பாதிப்பு' என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறதே, கையெழுத்தும் வாங்கியாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மூக்குக்குப் பின்னால் கட்டி. கழுத்தில் நெறி கட்டி, ஒரு காது அடைத்துக்கொண்டுதான் முதலில் வந்தார். "கட்டி கரைஞ்சா காது தானா திறந்துக்கும்" என்று சொன்னேன். கட்டி கரைந்தது. நான் அந்தக் காதை மறந்துவிட்டேன்.

அதன்பின் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் மனைவி இருப்பார். சாப்பிடுகிறாரா, முழுங்க முடிகிறதா, எடை ஏறியதா என்று அந்த அம்மாவிடம் கேட்பேன். அவர் பதில் சொல்வார், இவர் தலையாட்டுவார். 'புகார் எதுவும் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவேன். பிறகு கொரோனா வந்து எல்லோர் வாயையும் முகக்கவசம் மூடியது. அதுவரை என் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். அவருக்கும் குறைந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடச் சொன்னேன். அடுத்த முறை ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றமே இல்லை. விசாரித்தால், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். அதற்கும் தலையாட்டினார்.

"விழல டாக்டரம்மா," என்றார் மனைவி. "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரேட்டு தப்புத் தப்பா எழுதறார்னு மண்டியிலயும் நிப்பாட்டிட்டாங்க."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சோறு எறங்குதான்னு கேட்டீங்க. எறங்குதுன்னு சொன்னேன்."

உடனே 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அவர் காதருகே பிடித்தேன். கேட்கிறது என்று கையைத் தூக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு மட்டமானது என்று இப்போது தெரிகிறது. சிஸ்பிளாட்டின் முதலில் அரிப்பது 4000, 8000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. கதிரும் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில்தான் ஆரம்பிக்கும். பஸ் சத்தம் கேட்கும். ஆள் பேசுவதும் கேட்கும். என்ன பேசுகிறார் என்பது மட்டும் பிடிபடாது. கூச்சலுக்கு நடுவே சுத்தமாகப் பிடிபடாது. ஏலம் நடக்கும் மண்டியில் அவர் பட்ட பாட்டை அந்த இசைக்கவை எப்படிக் காட்டும்? பிறகு எடுத்த ஆடியோகிராமில் கோடு வலப்பக்கம் சரிந்து கீழே போயிருந்தது. சிகிச்சைக்கு முன்னால் ஒன்று எடுத்து வைத்திருந்தால் எங்களால் போனது எவ்வளவு என்றாவது சொல்லியிருக்கலாம். எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் முதலில் வரும் பதில், "கேட்டு என்ன செய்ய?" என்பதுதான். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் அந்தப் பதில் முழுக்கச் சரியில்லை. ஆரம்பத்திலேயே செவித்திறன் குறைவு என்று தெரிந்தால் மருந்தை மாற்ற யோசிக்கலாம். கார்போபிளாட்டின் அப்போதே கையில் இருந்தது. சிஸ்பிளாட்டின் ஏற்க முடியாதவர்களுக்கு டோசிடாக்சல் பலன் தருகிறது என்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2023ல் ஆய்வு வெளியிட்டது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஈ.என்.டி. பார்ப்பார். காது மெஷின் வாங்க வசதியில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதற்கு நான் யாருக்கும் ஒரு சீட்டுகூட எழுதிக் கொடுத்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. காது கேட்காத நோயாளி எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஓ.பி. சீக்கிரம் முடிகிறது. அவரையே ஜூனியரிடம் காட்டி, "நல்ல பேஷண்ட், தொந்தரவே கிடையாது" என்று சொன்னவள் நான்.

அவருக்கு மெஷின் வந்தது. வீட்டுக்குள் பேச்சு கொஞ்சம் தேவலை என்கிறார். மண்டி இரைச்சலில் அது உதவாது என்பதால் பழைய வேலை போனது போனதுதான். இப்போது மச்சினன் குடோனில் சரக்கு எண்ணுகிறார். என்னிடம் அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சிஸ்பிளாட்டினுக்கு முன் எல்லோருக்கும் ஆடியோகிராம் எழுதுகிறேன் இப்போது. காதில் இரைச்சல் உண்டா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். ஆனாலும் திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் நெரியும்போது என் பார்வை மனைவி பக்கமோ மகள் பக்கமோதான் தானாகத் திரும்புகிறது. அவர்கள் பதில் சொன்னால் சீக்கிரம் முடிகிறது.