மட்டி என்று திட்டாதீர்கள்!

கணக்கில் கோட்டை விட்ட பையனை எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்து வாத்தியார்கள், "சரியான மட்டிடா நீ!" என்பார்கள். அது திட்டே இல்லை, பாராட்டு என்பது என் கட்சி.

நான் சொல்வது கண்மாய் மட்டி. விரல் நீளத்துக்கு, கறுப்பும் பழுப்புமாக இரண்டு ஓடு. உள்பக்கம் முத்து மாதிரி மின்னும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். ரேஷன் கார்டில் கூட இடம் பத்தாது. புவனேஸ்வரத்தில் இருக்கிற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் இதன் உடம்புக்குள் முத்தே விளைவித்துக் காட்டிவிட்டார்கள்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரியப்பா உண்டு. எழுதினால் ஜியோடக், சொன்னால் 'கூயிடக்'. வாஷிங்டன் மாநிலக் கடலோரம் மூன்றடி ஆழத்தில் புதைந்துகொண்டு, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் மேலே நீட்டி, இடத்தை விட்டு அசையாமல் நூறு வருஷத்துக்கு மேல் இருப்பார். 160-ஐத் தாண்டியவர்களும் உண்டு. கடல் வற்றப் போவதில்லை. பெரியப்பாவுக்குப் பெர்மனென்ட் போஸ்ட்!

நம்மவர் டெம்ப்ரவரி. இந்தக் கரிசல் காட்டில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு சரி. திருச்சுழியில் குண்டாறு கரை தொட்டு ஓடினால் ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும். சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

தண்ணீர் இருக்கும் வரை மட்டி சேற்றில் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். ஒரு துவாரத்தில் தண்ணீரை இழுத்து, பாசித் துணுக்குகளைச் சலித்துத் தின்றுவிட்டு, தெளிந்த தண்ணீரை இன்னொரு துவாரத்தில் விடும். சம்பளம் இல்லாத ஃபில்டர்.

பிள்ளை வளர்ப்பு இன்னும் தமாஷ். தாய் தன் செவுளுக்குள்ளேயே முட்டைகளை வைத்துக் காப்பாற்றும். குஞ்சுகள் வெளியே வந்ததும் போகிற வருகிற மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொண்டு வித்தவுட்டில் பயணம். கொஞ்ச நாளில் வசதியான இடமாகப் பார்த்து இறங்கிக்கொள்ளும். எல்லா மீனும் லிஃப்ட் கொடுக்காது. தோதான மீன் இல்லாவிட்டால் வம்சம் அத்தோடு சரி.

தண்ணீர் வற்ற வற்ற, நாக்கு மாதிரி இருக்கும் காலை நீட்டி நகர்ந்து, பள்ளம் பார்த்துச் சேற்றுக்குள் இறங்கும். கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு, உடம்பின் செலவுகளை அடியோடு வெட்டிவிட்டு, மாதக்கணக்கில் தூக்கம். பி.காம். பாஷையில் சொன்னால் ஸ்லீப்பிங் பார்ட்னர். நத்தைக்குத்தி நாரை கண்ணில் படாமல், மண்ணில் ஈரப்பசை மிச்சமிருந்தால், அடுத்த மழைக்கு ஆசாமி டூட்டிக்கு ஆஜர்.

காய்ந்த கண்மாய் என்றால் நமக்கு கிரிக்கெட் கிரவுண்ட், சீமைக்கருவேலங்காடு, லாரி போக வழி. உள்ளே ஆள் இருக்கிறது என்ற நினைப்பே வருவதில்லை.

போன சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் ஜேசிபி வெட்டிய பள்ளத்தின் ஓரம் ஏழெட்டு மட்டிகளைப் பார்த்தேன். எல்லாம் வாயைப் பிளந்து வெயிலில் வெந்துவிட்டன. ஒன்று மட்டும் இறுக மூடியிருந்தது. கையில் கனத்தது. ஈரத்துண்டில் சுற்றி ஊருணிக்குக் கொண்டு போனேன்.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்ன தம்பி, கொழம்புக்கா? ஒண்ணு எப்படிப் பத்தும்?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நாங்க மாட்டு வண்டியில கரம்பை அடிச்சப்ப இந்த மூலையில வெட்டினா அந்த மூலை அப்படியே கெடக்கும். இப்ப ஒரே வாரத்துல வழிச்சுத் தொடச்சிர்றாங்களே!" என்றார்.

தூர் வாரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2017-ல் குடிமராமத்து மறுபடி ஆரம்பித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். கண்மாய் ஆழமாக இருந்தால்தான் மட்டிக்கும் வாழ்வு. ஆனால் இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி என்று எடுக்கலாமே? கடைசிவரை ஈரம் நிற்கிற மடைப் பள்ளத்தையாவது, ஒரு மழை முடிகிற வரை விட்டுவைக்கலாமே?

எங்கள் ஆபீஸில் மார்ச் 31-ம் தேதி குடோனைத் திறந்து ஸ்டாக் எடுக்காமல் 'சரக்கு நில்' என்று எழுதினால் ஆடிட்டர் தோலை உரித்துவிடுவார். கண்மாய்க்கும் ஒரு ஆடிட்டர் வேண்டும்.

ஊருணிச் சேற்றில் விட்டதும் அந்த மட்டி அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு ஓடு ஒரு நூலளவு திறந்தது. அதற்குள் எனக்கு பஸ் போய்விட்டது. பரவாயில்லை.