பட்டணம் எங்கே முடிகிறது?

சென்னைக்குக் குடி வந்தவர்களில் இரண்டு வகை உண்டு. ஞாயிற்றுக்கிழமையன்று பத்து மணி வரை தூங்குகிறவர்கள் ஒரு வகை. விடிவதற்கு முன்பே ஊரை விட்டு ஓடுகிறவர்கள் மற்றொரு வகை. நாங்கள் இரண்டாவது வகையில் சேர்ந்ததற்குக் காரணம் என் ஆத்தாள்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கத்து வலையபட்டி. என் உத்தியோகத்துக்காகவும் பெண்ணின் படிப்புக்காகவும் ஆறு வருஷத்துக்கு முன் சென்னைக்கு வந்தோம். அப்பச்சி காலமான பிறகு அத்தனை பெரிய வீட்டில் எழுபத்தொன்பது வயதுக்காரியைத் தனியாக விட முடியுமா? ஆத்தாளையும் அழைத்து வந்தோம். வீட்டைப் பூட்டியாயிற்று. பதினொரு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு அது. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளியே வரலாம். அதிலிருந்து வேளச்சேரியில் மூன்றாவது மாடிக்கு வந்தாள் ஆத்தாள்.

வந்த முதல் வாரம் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏந்தம்பி, இந்த ஊரு எங்கிட்டு முடியுது?" என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி என்று நீங்கள் சிரிக்கலாம். செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. அங்கே ஒவ்வோர் ஊருக்கும் முடிவு உண்டு. ஊருணி இருக்கும், அதைத் தாண்டினால் அய்யனாரின் மண் குதிரை நிற்கும், அதற்கப்பால் பொட்டல். பொட்டலைக் கடந்தால்தான் அடுத்த ஊர். எல்லை தெரியாத ஊரில் ஒரு மனுஷி எப்படிக் குடியிருப்பது? கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான் இருக்கும்.

ஆகவே, எல்லையைக் கண்டுபிடிக்கக் கிளம்பினோம். ஒரு பழைய மாருதி ஆல்ட்டோ வாங்கினேன். வலையபட்டிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்புகிற தூரமில்லை. ஆகையால் ராத்திரிக்குள் வீடு வந்து சேரக்கூடிய இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அனுபவத்தில் சில சட்டதிட்டங்கள் ஏற்பட்டன. காலை ஐந்தரைக்கு வண்டி நகர்ந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடந்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழு கோவில், இரண்டு கடற்கரை, ஒரு முதலைப் பண்ணை என்று பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மகாபாக்கியசாலிகள். அவர்களுக்கு முழங்கால் வலியுள்ள தாயார் இல்லை. சாப்பாடு வீட்டிலிருந்தே வரும். புளியோதரை, தயிர்ச்சோறு, வறுத்த மோர் மிளகாய். ஹோட்டல் சோறு வேண்டாம் என்பது ஆத்தாளின் கட்டளை. என் சம்சாரத்துக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கட்டுச்சோற்றுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கிறவள் அவள் அல்லவா? பிற்பாடு என் பெண் அந்தப் பொறுப்பைப் பாதி ஏற்றுக்கொண்ட பிறகே வீட்டில் சமாதானம் உண்டாயிற்று.

முதல் பிரயாணம் தெற்கே. தாம்பரம் வந்தது. "முடிஞ்சிருச்சா?" என்றாள் ஆத்தாள். இல்லை என்றேன். பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு பனைமரம் நிற்கக்கூட இடமில்லை. கடைசியில் செங்கற்பட்டுக் கொளவாய் ஏரி கண்ணில் பட்டதும், "இதுதான் இந்த ஊருக்கு ஊருணி போல. இங்கன முடியுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

என் பெண் விடவில்லை. சென்னைப் பெருநகரப் பகுதி என்று சர்க்கார் ஒரு கோடு போட்டிருக்கிறதென்றும், 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள் என்றும் செல்போனைப் பார்த்து வாசித்தாள். ஆத்தாள் சற்று யோசித்தாள். "அப்ப எல்லைச் சாமியும் குதிரையைத் தூக்கிக்கிட்டு ஓடுமாத்தா?" என்று பேத்தியிடம் கேட்டாள். அதற்குச் செல்போனில் பதில் இல்லை.

மார்கழியில் வேடந்தாங்கல் போனோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏரித் தண்ணீருக்குள் கடம்ப மரங்கள் நிற்கின்றன. கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா. இலையைவிட இறக்கை அதிகம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்களாம். ஊரார் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். லியோனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே 1798-இல் எழுதிக் கொடுத்தார். ஊராருக்கு வெறும் ஜீவகாருண்யம் மட்டுமல்ல, லாபமும் இருந்தது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இதே பிளேஸ் துரைதான் மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையிலும் வருகிறார். அந்த ஜில்லாவில் எந்த ஏரிக்கரையில் நின்றாலும் மனிதர் எதிர்ப்படுகிறார்.

ஆத்தாள் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். "இதுக்கா இம்புட்டுத் தூரம்? நம்ம கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயிலே இல்லாத கொக்கா?" என்றாள். உண்மைதான். திருப்பத்தூருக்குப் பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்களைச் சர்க்கார் 1977-இல் சரணாலயமாக்கியது. அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வலையபட்டியில் இருந்தவரை நாங்கள் ஒருநாள்கூட அங்கே போனதில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க யாராவது கட்டுச்சோறு கட்டுவார்களா? ஆனால் அன்று ஆத்தாள் நாரைகளைப் பார்த்துப் பேசியதெல்லாம் ஊர்ப் பேச்சு. அப்பச்சி பர்மாவிலிருந்து வந்த பெரியப்பாவுடன் கண்மாய்க்கு நடந்தது, ஒரு பஞ்சத்தில் ஊருணிக்குக் காவல் போட்டது என்று, நான் இதுவரை கேட்டிராத கதைகள். வீட்டுச் சோபாவில் இவையெல்லாம் வருவதில்லை. காரின் முன் ஸீட்டில், ஜன்னலைப் பார்த்தபடி, எதிரே முகம் இல்லாதபோதுதான் வருகின்றன.

திரும்பி வரும் வழியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் பரனூர்ச் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. காஞ்சிபுரம், திருத்தணி, பழவேற்காடு எல்லாம் ஆயிற்று. அப்போதுதான் மதுரையிலிருக்கும் பங்காளி ஒருவரிடமிருந்து சேதி வந்தது. வீட்டின் இரண்டாங்கட்டு ஓடு சரிந்துவிட்டது, பழுது பார்க்கப் பல லட்சம் ஆகும், ஆகவே மொத்தமாக இடித்துக் கொடுத்துவிடலாம், தூணுக்கும் நிலைக்கும் நல்ல விலை தர ஆள் இருக்கிறது, எல்லாப் புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று.

இது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற கடைகளுக்கென்று ஒரு தெருவே இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், கஜலட்சுமி செதுக்கிய நிலை, ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே வந்து சேரும். செட்டிநாட்டு ஊர்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக்குவதற்கான உத்தேசப் பட்டியலில் யுனெஸ்கோ 2014-இல் சேர்த்திருக்கிறது. பட்டியலில் சேர்ந்ததனால் ஓடு சரியாமல் இருக்குமா? புள்ளிகள் பதினொன்றும் பதினொரு ஊரில். படைப்புக்குக்கூட எல்லோரும் சேருவதில்லை. பங்காளி சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆத்தாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

அந்த வாரம் உத்திரமேரூர் போனோம். வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதியெல்லாம் அதில் அடக்கம். பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்பவனுக்கு முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் வயது இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். "வேளச்சேரி வாடகை வீட்டுக்காரருக்கு இடமில்லை" என்று என் சம்சாரம் குறுக்கே ஒரு போடு போட்டாள்.

அடுத்த விதியைக் கேட்டதும் ஆத்தாள் நின்றுவிட்டாள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் குடத்தில் பேர் போடக்கூடாது.

"கணக்குக் காட்டாதவனா? இன்னொருக்கப் படி" என்றாள்.

படித்தேன். ஆத்தாள் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுக் காருக்கு நடந்தாள். வீட்டுப் பொதுப் பணம் என்று வருஷா வருஷம் எல்லாப் புள்ளியும் கட்டிவந்தது எனக்கு நினைவிருந்தது. அதற்கு எட்டு வருஷமாகக் கணக்கு வரவில்லை என்பது ஆத்தாளுக்கு நினைவிருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போனோம். 1996-இல் திறந்த இடம். தென்னாட்டு வீடுகள் சிலவற்றை, இடிபட இருந்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து, அப்படியே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். கேரளத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று பார்த்துக்கொண்டே வந்தவள், செட்டிநாட்டு வீட்டைக் கண்டதும் யாரையும் கேளாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். தூணைக் கையால் அளந்தாள். "பர்மாத் தேக்கு" என்றாள். பிறகு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே காவலுக்கு இருந்த சின்னப் பெண் அருகில் வந்தாள். எழுந்திருக்கச் சொல்லப்போகிறாளோ என்று பார்த்தேன். அவள் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

"இது யாரு வீடு ஆத்தா?"

"மியூசியம் பாட்டி."

"அது சரி. சாயங்காலம் விளக்கு வைப்பீகளா?"

"சாயங்காலம் பூட்டிடுவோம் பாட்டி. ஆனா தினமும் ரெண்டு தடவை கூட்டித் துடைப்போம்" என்றாள் அந்தப் பெண், பெருமையாக.

இதற்குள் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். வெள்ளைப் புடவையும் வடித்த காதுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தாளைக் கண்டதும், காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் நின்று மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் பெண் கோபத்துடன் ஓர் அடி முன்னே வைத்தாள். ஆத்தாள் கையமர்த்தினாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, வந்தவர்களை வரவேற்கிற பாவனையில், "வாங்க, எந்த ஊரு?" என்று கேட்டாள். அவர்கள் புனாவாம். பாஷை புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

காரில் ஏறி முட்டுக்காட்டுப் பாலம் தாண்டும் வரை பேச்சில்லை.

"பெயர்த்து வச்சதிலே குத்தமில்லே, தம்பி. இல்லாட்டி எவனாச்சும் மேஜையாப் பண்ணியிருப்பான். பாவம், புள்ளைக நல்லாத்தான் கூட்டுறாக. ஆனா அந்த வீட்டுக்காரக யாருன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியலையே? நம்ம வீட்டுக்கு இன்னும் பதினோரு பேரு உசிரோட இருக்கம்."

மறுநாள் காலை பங்காளிக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். கையெழுத்துக்கு முன் எட்டு வருஷக் கணக்கு வர வேண்டும் என்றாள். அடுத்த படைப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். இரண்டாங்கட்டு ஓட்டை மாற்றத் தன் பங்குக்குக் கழுத்துச் சங்கிலியைத் தருவதாகவும் சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. கணக்கு மூன்று வாரத்தில் வந்தது. நினைத்த அளவு மோசமில்லை. பணம் கொஞ்சம் இருந்தது, பங்காளிக்குக் கணக்கு எழுதத்தான் சோம்பல். ஏழு புள்ளி ஓடு மாற்றச் சம்மதித்தது. இரண்டு புள்ளி யோசித்துச் சொல்கிறோம் என்றது. சிங்கப்பூரில் இருக்கும் இருவர் இன்னும் பதிலே போடவில்லை. வேலை பாதி நடந்து, மழைக்கு நின்றிருக்கிறது.

சங்கிலியை வாங்க நான் சம்மதிக்கவில்லை. அந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நேற்று காரில் காஞ்சிபுரம் போகும்போதுகூட ஸ்ரீபெரும்புதூர் வரை அதுதான் பேச்சு. அதற்கப்புறம் மேற்குப் பக்கத்தில் பட்டணம் எங்கே முடிகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.