கவர்க்கல்லில் மேகம் இறங்கும்போது

பொள்ளாச்சியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆழியாறு தாண்டி மலையேறினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். தடுப்புச் சுவரில் வரையாடு நின்றால் அன்றைய செல்ஃபி கோட்டா முடிந்துவிடும். அட்டகட்டி வரை பெரிய சிக்கல் இல்லை. வாட்டர்ஃபால் எஸ்டேட்டைக் கடந்து கவர்க்கல் பக்கம் போகும்போதுதான், குறிப்பாகத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், சாலையே காணாமல் போகும். பனி என்று சொல்கிறோமே தவிர, மலையில் வந்து முட்டி நிற்கும் மேகம்தான் அது.

சமவெளியிலிருந்து வருபவர்கள் முதலில் செய்வது ஹை பீம் போடுவது. அங்கேதான் வினை. கோடிக்கணக்கான நீர்த்துளிகளில் பட்டு அந்த வெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போலாகிவிடும். டிம்மில் வைத்தால் சாலை கொஞ்சம் தெரியும். ஃபாக் லைட் பம்பருக்குக் கீழே இருப்பதும் இதற்காகத்தான். அதன் ஒளி மேலே எழும்பாமல், தாழ்வாகவும் அகலமாகவும் விரிந்து சாலை ஓரத்தையும் வெள்ளைக் கோட்டையும் காட்டும். தொலைவைக் காட்டுவது அதன் வேலையல்ல. மஞ்சள் விளக்கு மூடுபனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு உண்டு. பனித்துளிகளுக்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான்; இரண்டையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கூச்சம் சற்றுக் குறைவாகத் தோன்றலாம், அவ்வளவே.

எந்த விளக்கு போட்டாலும் வேகம் குறையாவிட்டால் பயனில்லை. 36 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 10 மீட்டர் ஓடும். 20 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், கையில் இருப்பது இரண்டே நொடி. எதிரே வருவது தேயிலை லாரியாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் யானையாகவும் இருக்கலாம்.

ஹசார்ட் லைட்டை மினுக்கிக்கொண்டே ஓட்டும் பழக்கம் வேறு. அது எரியும்போது பல கார்களில் இண்டிகேட்டர் தனியாகத் தெரியாது. திரும்பப் போகிறார்களா, நிற்கிறார்களா என்று பின்னால் வருபவர் குழம்புவார். அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு. வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பதும், பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி எதிர்ஹாரனைக் கேட்பதும் அதைவிட உதவும்.

முன்கண்ணாடி மங்கினால் எல்லாப் பழியும் வெளியே உள்ள பனிமேல் விழும். பாதி நேரம் அது உள்ளே இருப்பவர்களின் மூச்சு. குளிருக்கு ஏ.சி. எதற்கு என்று அணைத்துவிடுவார்கள். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், ஈரம் வற்றிச் சீக்கிரமே தெளிந்துவிடும்.

ஐயர்பாடி, ரொட்டிக்கடை பக்கம் பனி விலகித் தேயிலைச் சரிவுகள் தெரியத் தொடங்கியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிட வேண்டும். சில கார்களில் பின்னாலும் சிவப்பு ஃபாக் லைட் உண்டு. பிரேக் லைட் அளவுக்குப் பிரகாசமானது. அதை மறந்து எரியவிட்டால், முன்னே போகும் வண்டி பிரேக் பிடித்ததா இல்லையா என்றே பின்னால் வருபவருக்குத் தெரியாது.